இங்கிலாந்தின் இல்லங்களில் இஞ்சிப் பானம்: ஒரு வரலாற்று நோக்கு

1892ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகத்தின் ஆய்வேட்டில் எழுபதுக்கு மேற்பட்ட பக்கங்களைக் கொண்ட கட்டுரையொன்று வெளிவந்தது. நியூற்றன் ஒளி பற்றிய தமது ஆய்வினை வெளியிட்ட ஏடு அது. அத்தகைய ஏட்டில் அவ்வாண்டு இடம்பெற்ற அக்கட்டுரையின் பொருளோ, ஆங்கிலேயப் பொதுமக்களின் வீடுகளில், அடுக்களைத் தட்டுகளிலே சாடிகளில் இட்டு வைக்கப்பட்டிருந்த, ஊறிய சவ்வரிசி திரண்டாற் போன்ற ஒரு வெண்ணிறக் கட்டியாகும். இஞ்சியும் சீனியும் எலுமிச்சையும் சேர்ந்த நீரில் அதனை இட்டு வைத்தால் சில நாட்களில் நுரைத்துப் பொங்கும் பானமொன்று கிடைக்கும். பானத்தை இஞ்சிப் பியர் என்றும், கட்டியை இஞ்சிப் பியர்ச் செடி என்றும் மக்கள் வழங்கினர். அதற்கு வேரும் இல்லை, இலையும் இல்லை; ஆயினும் அது வளர்ந்தது, பெருகியது, உணவின்றி விட்டால் இறந்தது. அக்கட்டியை ஆராய்ந்தவர் ஹரி மார்ஷல் வார்ட் என்னும் தாவரவியலாளர். அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன்னர் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்த நோயினை ஆராய்ந்தவரும் இவரே.

வீட்டிற் செய்யப்பட்ட பானமொன்று தொழிற்சாலைப் பானமாக மாறிய வரலாறு பெரும்பாலும் எளிமையாகவே கூறப்படுகின்றது. முன்னர் மக்கள் தாமே செய்தனர். பின்னர் போத்தலில் அடைத்தது மலிவாகக் கிடைத்தது. செய்வதற்குச் சோம்பி விட்டுவிட்டனர் என்பதே அக்கூற்று. இஞ்சிப் பியரைப் பொறுத்தவரை இவ்விளக்கம் போதியதன்று. செய்முறை மறக்கப்படவில்லை. அது நூல்களில் அச்சாகி, இன்றும் எவரும் படித்துச் செய்யக்கூடிய நிலையில் உள்ளது. அருகிப் போனது செய்முறையன்று, அதனோடு ஒட்டி வாழ்ந்த ஓர் உயிர்ப்பொருள். அவ்வுயிர்ப்பொருள் எவ்வாறு வீடுதோறும் வாழ்ந்தது, எவ்வாறு அருகியது என்பதை நோக்கும்போது, அச்சேறிய நூல்களை மாத்திரம் சான்றாகக் கொள்ளும் வரலாற்றுமுறையின் குறைபாடும் புலப்படுகின்றது.

பானத்தின் இரு முதன்மைப் பொருள்களும் இங்கிலாந்தின் மண்ணுக்கு உரியன அல்ல. இஞ்சி தென்னாசியா, தென்கிழக்காசியா ஆகிய பகுதிகளைச் சார்ந்தது. இன்று அது காட்டில் தானாக வளரும் நிலையில் அறியப்படவில்லை. எங்கு வளர்ந்தாலும் மனிதர் கிழங்கை வெட்டி நட்டதனாலேயே வளர்கின்றது. ஒரு துண்டு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுவதே அதன் இனப்பெருக்கம் எனலாம். இலத்தீன் மொழியில் 'சிஞ்சிபர்' என்றும் கிரேக்கத்தில் 'சிஞ்சிபெரிஸ்' என்றும் வழங்கிய அதன் பெயர், பாளியின் 'சிங்கிவேர' என்னும் வடிவத்தோடு தொடர்புடையது. வடமொழியாளர் இச்சொல்லைக் கொம்பு போன்ற வடிவுடையது எனப் பிரித்துப் பொருள் கண்டனர். மொழியியலறிஞர் பலர் இதனைப் பிற்காலத்துப் பொருத்தம் எனக் கொண்டு, 'இஞ்சி', 'வேர்' என்னும் திராவிடச் சொற்களின் சேர்க்கையையே மூலமாகக் கருதுவர். ஆங்கிலேயர் 'ஜிஞ்சர்' என்று உச்சரிக்கும்போது அதனுள்ளே ஒரு தமிழ் வேர் ஒலிக்கின்றது என்று கூறுவது வெறும் மொழிப்பற்றின் பாற்பட்டதன்று.

எனினும் விக்ரோறியா காலத்து ஆங்கிலேய வீட்டுக்கு வந்த இஞ்சியிற் பெரும்பங்கு கீழைத்தேசத்திலிருந்து வந்ததன்று. பதினாறாம் நூற்றாண்டில் இசுப்பானியர் இஞ்சியை மேற்கிந்தியத் தீவுகளிற் பயிரிடத் தொடங்கினர். பின்னர் ஆங்கிலேயர் வசமான யமேக்காவின் இஞ்சியே இலண்டன் சந்தையில் உயர்ந்ததாக மதிக்கப்பட்டது. சீனியும் அத்தீவுகளிலிருந்தே வந்தது. அடிமை ஒழிப்புச் சட்டம் 1834இல் நடைமுறைக்கு வரும்வரை அவ்விரு பொருள்களும் ஆபிரிக்க அடிமைகளின் உழைப்பில் விளைந்தவை. கோடைகாலத்துக் களைப்பாற்றும் எளிய பானம் என்று ஆங்கிலேயர் போற்றியதன் பின்னால் இந்த உழைப்பு இருந்தது என்பதை அக்காலச் சமையல் நூல்கள் குறிப்பிடுவதில்லை. குறிப்பிடுமென எதிர்பார்க்கவும் இயலாது. கடல்கடந்து வந்தது பெரும்பாலும் உலர்ந்த இஞ்சியே, அதாவது சுக்கு. இஞ்சி உலரும்போது அதன் காரப்பொருளின் ஒரு பகுதி வேறொரு சேர்வையாக மாறுகின்றது. அச்சேர்வையின் உறைப்பு பச்சை இஞ்சியினதைவிடக் கூடியது. ஆகவே சிறிதளவு சுக்கே பெரிய பாத்திரமொன்றுக்குப் போதியதாயிற்று.

எலுமிச்சையின் கதையும் கிழக்கிலேயே தொடங்குகின்றது. இன்றைய மரபணு ஆய்வுகள் எலுமிச்சையைப் புளிப்புத் தோடைக்கும் நாரத்தையினத்துக் கடாரங்காய்க்கும் பிறந்த கலப்பினமாகக் காட்டுகின்றன. தேசிக்காய் அதற்கு நெருங்கிய உறவினதாயினும் வேறொரு கலப்பினாற் பிறந்தது. பாரசீகச் சொல்லான 'லீமூன்' அரபு மொழிவழியே ஐரோப்பாவுக்குச் சென்றது. பழமும் அவ்வழியே சென்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்தில் சலாகுத்தீனின் மருத்துவராக விளங்கிய இப்னு ஜுமை எலுமிச்சைப் பானத்தின் பயன்களைப் பற்றித் தனிநூலே எழுதினார். 1676இல் பரிசு நகரத்து எலுமிச்சைப் பான வணிகர் தமக்கெனத் தொழிற்சங்கம் அமைத்துக் கொள்ளும் அளவுக்கு அப்பானம் ஐரோப்பாவில் நிலைபெற்றிருந்தது. இங்கிலாந்துக்கு வேண்டிய பழங்களைச் சிசிலித் தீவு முதலான மத்தியதரைப் பகுதிகள் அனுப்பின.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியளவில் இவ்விரு பொருள்களும் ஆங்கிலேய வீட்டின் பழைய கலையொன்றுடன் இணைந்தன. அக்கலை வடிப்பு. வாற்கோதுமைப் பியர் வடிப்பதும் பழமது செய்வதும் நீண்டகாலமாக வீட்டுப் பெண்களின் தொழிலாக இருந்து வந்தன. அதே பாத்திரங்களும் அதே பழக்கமும் இஞ்சிக்கும் எலுமிச்சைக்கும் பயன்பட்டபோது இஞ்சிப் பியர் தோன்றியது. பியர் என்ற பெயர் அதற்கு வாய்த்ததும் இதனாலேயே. தானியம் ஏதும் அதில் இல்லை.

இப்பானத்தின் செய்முறையைத் தெளிவாகத் தரும் நூல்களுள் இசபெல்லா பீற்றன் 1861இல் வெளியிட்ட இல்லப் பராமரிப்பு நூல் குறிப்பிடத்தக்கது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. முந்திய நூல்கள் பலவற்றிலிருந்து திரட்டப்பட்ட செய்முறைகள் அதில் மிகுதியாக உள. எனவே அதனைத் தனியொருவரின் கண்டுபிடிப்பாகக் கொள்ளாது, அக்கால நடுத்தர வகுப்பு வீட்டின் வழக்கமாகக் கொள்வதே பொருத்தம். இரண்டரை இறாத்தல் சீனி, ஒன்றரை அவுன்சு இடித்த சுக்கு, ஓர் அவுன்சு தாத்தார் உப்பு, இரண்டு எலுமிச்சம்பழங்களின் தோலும் சாறும், மூன்று கலன் கொதிநீர், வடிசாலையிலிருந்து பெற்ற புதிய மதுவத்தில் இரண்டு பெரிய மேசைக்கரண்டி ஆகியன வேண்டப்பட்டன. மதுவம் ஒழிந்த அனைத்தையும் பெரிய மட்பாத்திரமொன்றில் இட்டு, கொதிநீரை அதன்மேல் ஊற்றி, இளஞ்சூட்டுக்கு ஆறியபின் மதுவத்தைக் கலந்து, துணியால் மூடி, இரவு முழுவதும் அடுப்பின் அருகே வைத்தல் வேண்டும். மறுநாள் மேலே மிதக்கும் மதுவத்தை நீக்கி, அடிமண்டி கலங்காமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றி, உடனே போத்தல்களில் அடைத்து, தக்கைகளைக் கயிற்றால் இறுகக் கட்டிவிட வேண்டும். மூன்று நாட்களிற் பானம் தயாராகிவிடும். நான்கு தசம், அதாவது நாற்பத்தெட்டுப் போத்தல்கள் கிடைக்கும் என்றும், மொத்தச் செலவு இரண்டு சிலிங் என்றும் நூல் கணக்கிடுகின்றது. ஒரு போத்தல் அரைப் பென்சு. மூன்று கலன் நீரை நாற்பத்தெட்டாற் பிரித்தால் போத்தலொன்றுக்கு அரைப் பைந்து வருவதால், கணக்கு ஏட்டளவில் எழுதப்பட்டதன்று, அளந்து பார்த்து எழுதப்பட்டது என்பது தெரிகின்றது.

இச்செய்முறையின் ஒவ்வொரு படியிலும் காரணம் உண்டு. ஆயினும் காரணம் எங்கும் கூறப்படவில்லை. கொதிநீரை எலுமிச்சைத் தோலின் மேல் ஊற்றுவதனால் தோலிலுள்ள மணநெய் வெளிப்படுகின்றது. திராட்சைமது வடிக்கும் தொட்டிகளின் ஓரத்திற் படிவதாகிய தாத்தார் உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்ந்து நீரைப் புளிப்பாக்குகின்றன. பானத்தைக் கெடுக்கும் பற்றீரியாக்கள் பல அப்புளிப்பில் வளரமாட்டா. மதுவமோ அதனைப் பொறுத்துக்கொள்ளும். ஆறியபின் மதுவம் சேர்ப்பதும் அவ்வாறே. கொதிநீரில் இட்டால் அது இறந்துவிடும். போத்தலை அடைத்தபின்னும் எஞ்சிய சீனியை மதுவம் தொடர்ந்து நொதிக்கச் செய்கின்றது. அப்போது பிறக்கும் காபனீரொட்சைட்டு வெளியேற வழியின்றி நீரிற் கரைகின்றது. தக்கையைத் திறக்கும்போது எழும் நுரை அதுவே. மூன்று நாள் என்ற வரையறையும் இக்காரணம் பற்றியதே. மேலும் சில நாள் வைத்தால் அற்ககோல் கூடும், இனிப்புக் குறையும், போத்தல் வெடித்தலும் நிகழும். நொதித்தல் ஓர் உயிர்ச்செயல் என்பதைப் பாசுச்சர் 1857ஆம் ஆண்டுமுதல் வெளியிட்ட ஆய்வுகளே விஞ்ஞான உலகில் நிலைநாட்டின. அதற்கு நூறாண்டுகட்கு முன்பே அவ்வுயிரை எப்பொழுது இடுவது, எவ்வளவு சூட்டில் வைப்பது, எப்பொழுது தடுப்பது என்பதை அடுக்களைகள் அறிந்திருந்தன.

போத்தலும் சிறிது கவனிக்கத் தக்கது. அழுத்தத்தைத் தாங்குவதற்குத் தடித்த கன்மண் போத்தல்களே ஏற்றவை. 1835இல் பிரிசுத்தல் நகரத்துக் குயவர் வில்லியம் பவல் உருவாக்கிய புதிய மெருகு அவற்றை நீர் கசியாதனவாக்கியது. கண்ணாடிமீது விதிக்கப்பட்ட வரி 1845இல் நீக்கப்படும் வரை கண்ணாடிப் போத்தல் விலைகூடிய பொருளாகவே இருந்தது. சீனிமீதான வரி 1874இல் ஒழிந்தது. ஏழைகளின் வீடுகளிலும் இஞ்சிப் பியர் இடம்பெற்றமைக்குச் சுவையை விட இவ்வரிமாற்றங்களே பெருங்காரணம் எனின் மிகையாகாது.

வீட்டிற்கும் வீதிக்கும் இடையில் அக்காலத்திற் கூரிய எல்லை இருக்கவில்லை. இலண்டனின் உழைப்பாளரையும் ஏழைகளையும் பற்றி ஹென்றி மேயூ 1851இல் வெளியிட்ட பெருநூலில் இஞ்சிப் பியர் விற்கும் தெருவணிகர் இடம்பெறுகின்றனர். அவ்வணிகம் முப்பது ஆண்டுகளாகவே பரவலாக வழங்கிவந்தது என்பது அவர் தரும் தகவல். விற்போர் பலர் தம் வீட்டிலேயே இரவில் வடித்துக் காலையில் வீதிக்குக் கொண்டுசென்றனர். மேயூ தரும் செய்முறையிற் பழத்துக்குப் பதிலாக எலுமிச்சையமிலமும், மணத்துக்குக் கராம்புச் சாரமும் இடம்பெறுகின்றன. விரைவாக வேண்டுமாயின் மதுவம் இரட்டிப்பாக்கப்படும். பீற்றனின் நடுத்தர வகுப்பு வீட்டுக்கும் மேயூவின் தெருவணிகனுக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு பொருளிலே துலக்கமாகத் தெரிகின்றது. 1832இல் பிரெசுத்தன் நகரில் ஏழு பேர் மதுவை முற்றாக விலக்குவதாகச் சபதம் செய்த நிகழ்ச்சியுடன் வலுப்பெற்ற மதுவிலக்கு இயக்கமும் இஞ்சிப் பியருக்கு ஆதரவாயிற்று. அதிலும் சிறிது அற்ககோல் உண்டு என்பதை மதுவிலக்காளர் பலர் அறிந்திலர். அறிந்தோர் பேசாதிருந்தனர் போலும்.

இதுவரை கூறப்பட்டது நூல்களிற் பதிவான வழி. அதற்கு வடிசாலை மதுவம் தேவை. மதுவத்தை விலைக்கு வாங்காத வீடுகளில் வேறொரு வழி வழங்கியது. அதுவே இஞ்சிப் பியர்ச் செடி. யாழ்ப்பாணத்து வீடொன்றில் உறைமோர் தீர்ந்துவிட்டால் அயல்வீட்டிற் சிரட்டையொன்றில் உறை இரந்து பெறுவது வழக்கம். அடுத்த வாரம் அதே அயல்வீடு இங்கு வந்து பெறக்கூடும். எந்த வீட்டு உறை எங்கிருந்து தொடங்கியது என்பதை எவரும் கூறமுடியாது. இஞ்சிப் பியர்ச் செடியும் அவ்வாறானதே. சீனியும் இஞ்சியும் இட்ட நீரில் அது குண்டூசித்தலை அளவிலிருந்து பெரிய பிளம் பழத்தின் அளவு வரை திரண்டு வளரும். உள்ளே பிறக்கும் வாயுக்குமிழிகளால் மேலெழுந்து, அவை வெடித்ததும் கீழே அமிழும். பானத்தை வடித்துக்கொண்டு கட்டிகளைப் புதிய நீரில் இட்டால் மீண்டும் வேலை தொடங்கும். கிரிமியப் போரிலிருந்து திரும்பிய வீரர் அதனைக் கொணர்ந்தனர் என்ற செவிவழிச் செய்தியொன்று உண்டு. அதன் உண்மையான தோற்றம் துலங்கவில்லை.

வார்ட்டிடம் இக்கட்டிகள் முதலில் 1887இல் வந்து சேர்ந்தன. அவர் அப்பொழுது கூப்பர்சு ஹில்லில் இருந்த அரச இந்தியப் பொறியியற் கல்லூரியில் தாவரவியற் பேராசிரியர். அவருடைய ஆய்வுமுறையை விளங்கிக்கொள்ள அவருடைய இலங்கை வாழ்வை நோக்குதல் வேண்டும். 1869இல் இலங்கையின் கோப்பி இலைகளிற் செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றின. பேராதனைத் தாவரப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்சு அனுப்பிய இலைகளைக் கொண்டு இங்கிலாந்தில் பேர்க்கிலியும் புறூமும் நோயை விளைக்கும் பங்கசுவுக்கு 'ஹெமிலீயா வசுற்றாற்றிக்சு' எனப் பெயரிட்டனர். பெயரின் பிற்பகுதி அழிப்பவள் எனப் பொருள்படும். பெயர் பொய்க்கவில்லை. நோய் பத்தாண்டுகளில் மலைநாடெங்கும் பரவியபோது, அரசாங்கம் 1880இல் இருபத்தைந்து வயதினரான வார்ட்டை அழைத்தது. 1882 வரை இங்கு தங்கிய அவர், காற்றில் வரும் வித்திகளைக் கண்ணாடித் தகடுகளிற் பிடித்து, ஈரமான இலையின்மேல் அவை முளைப்பதையும், முளைக்குழாய் இலைவாய் வழியே உட்புகுவதையும் நாள்தோறும் வரைந்து காட்டினார். பெருந்தோட்டங்களில் ஒரே இனப்பயிர் இடைவெளியின்றி நடப்பட்டமையே நோய் பரவுதற்கு வாய்ப்பாயிற்று என்பதையும் எடுத்துரைத்தார். தோட்டத்துரைமார் வேண்டியதோ மருந்து. அதனை அவராற் கொடுக்க இயலவில்லை. கோப்பி அழிந்தது, தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. மலையகத்தின் பொருளாதார, சமூக வரலாறு அதன்பின் சென்ற வழி இங்கு விரித்துரைக்க வேண்டாதது.

ஓருயிர் மற்றோருயிரினுள் எவ்வாறு நுழைந்து வாழ்கின்றது என்பதே இலங்கையில் அவர் கண்ட பிரச்சினை. அங்கு முடிவு அழிவு. சாடியினுள் அவர் கண்டது அதன் மறுபக்கம். கட்டிகளிற் பலவகை நுண்ணங்கிகள் கலந்திருந்தன. அவற்றுள் தற்செயலாக வந்து சேர்ந்தவற்றை ஒவ்வொன்றாக விலக்கி, இரண்டே இன்றியமையாதவை என்ற முடிவுக்கு அவர் வந்தார். ஒன்று மதுவம், 'சக்கரோமைசிசு பிரிபோமிசு' என அவர் பெயரிட்டார். மற்றது பற்றீரியம், புழுப்போன்று சுருண்டு கிடந்தமையால் 'பற்றீரியம் வேர்மிபோமே' என்றார். பற்றீரியம் தன்னைச் சுற்றித் தடித்த களியுறையொன்றை உண்டாக்குகின்றது. அவ்வுறைகளின் சிக்கலுக்குள் மதுவக்கலங்கள் அகப்பட்டு வாழ்கின்றன. கட்டி எனக் கண்ணுக்குத் தெரிவது இவ்விரண்டின் கூட்டு. மதுவம் வெளிவிடும் பொருள்கள் பற்றீரியத்துக்குப் பயன்படுகின்றன. அவை அகற்றப்படுவதனால் மதுவமும் தடையின்றித் தொழிற்படுகின்றது என்று அவர் கருதினார். தெ பாரி 1879இல் எடுத்தாண்ட ஒன்றியவாழ்வு என்னும் கருத்தை நொதித்தலுக்குப் பொருத்திக் காட்டியது இக்கட்டுரையின் சிறப்பாகும். இரண்டையும் தனித்தனியே தூய வளர்ப்புகளாகப் பிரித்ததோடு அவர் அமையவில்லை. பல முயற்சிகளின் பின் அவற்றை மீண்டும் ஒன்றுசேர்த்து, சாடியில் இருந்தது போன்ற கட்டியைத் தாமே உருவாக்கியும் காட்டினார். பிரிப்பது எளிது, சேர்த்துக் காட்டுவதே நிரூபணம்.

கட்டிகள் வார்ட்டுக்கு ஒரே இடத்திலிருந்து கிடைக்கவில்லை. இங்கிலாந்தின் வெவ்வேறு பகுதிகளிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் அவை வந்தன. ஆயினும் எல்லாவற்றிலும் அதே இரண்டு நுண்ணங்கிகளே இருந்தன. வரலாற்று மாணவருக்கு இது முக்கியமான சான்று. எவரும் திட்டமிடாமல், விளம்பரப்படுத்தாமல், நூலில் எழுதாமல், ஓர் உயிர்க்கூட்டு நாடு கடந்தும் மாறாது பேணப்பட்டிருந்தது. அதனைப் பேணியோர் நுணுக்குக்காட்டியைக் கண்டறியாதவர்கள். பாத்திரத்தை எப்பொழுது கழுவுவது, எவ்வளவு சீனி இடுவது, எந்தக் கட்டி நல்லது, எது கெட்டது என்று கண்ணாலும் நாவாலும் தெரிந்து எடுத்ததன் மூலம், வார்ட் ஆய்வுகூடத்திற் செய்த தெரிவை அவர்கள் பல தலைமுறையாகச் செய்துவந்தனர். வார்ட்டின் பெருமையை இது குறைப்பதன்று. அவர் தொடங்கிய இடம் வெறுமையான இடமன்று என்பதே கருத்து.

இனி, கட்டி பெருகுவது. நன்றாக உணவிட்டால் சாடி விரைவில் நிறைந்துவிடும். ஒரு குடும்பத்துக்கு வேண்டியது சிறிதளவே. எஞ்சியதை எறிய வேண்டும், அன்றேல் கொடுக்க வேண்டும். கொடுத்தமையினால் அயலாருக்கு மாத்திரம் நன்மை விளையவில்லை. வெப்பமான நாளொன்றிலோ கவனக்குறைவினாலோ தன் சாடி கெட்டுவிட்டால், முன்னர் கொடுத்த வீட்டிலிருந்து மீளப்பெற முடிந்தது. ஆகவே கொடை ஒருவகைக் காப்புறுதியாகவும் அமைந்தது. ஊரிற் பத்து வீடுகளில் அது இருக்கும்வரை எந்த ஒரு வீட்டிலும் அது அழிந்துபோவதில்லை. இரண்டு வீடுகளில் மாத்திரம் இருப்பின் ஒரு கோடையில் அழிந்துவிடும். செய்முறை நூலொன்று தனித்த வீட்டிலும் நிலைக்கும். உயிர்ப்பொருள் அவ்வாறு நிலைக்க இயலாது.

அவ்வலைப்பின்னல் தளர்வதற்கான ஏற்பாடுகள் ஏற்கெனவே தொடங்கியிருந்தன. யோசேப்பு பிரீசிலி 1767இல் லீட்சு நகர வடிசாலையொன்றின் தொட்டிக்கு மேலே நீரைப் பிடித்து வாயுவை அதிற் கரைத்தார். 1783இல் செனீவாவிலும் 1792இல் இலண்டனிலும் சுவெப்பு வாயுநீரை வணிகப்பொருளாக்கினார். இனி நுரைக்கு உயிர் வேண்டியதில்லை. சேல் 1784இல் எலுமிச்சைச் சாற்றிலிருந்து சித்திரிக்கமிலத்தைப் பளிங்காகப் பிரித்தெடுத்திருந்தமையால் புளிப்புக்கும் பழம் வேண்டியதில்லை என்ற நிலை பின்னர் வந்தது. 1917இல் யேம்சு கறி என்பார் கரும்பூஞ்சணமொன்று சீனியைச் சித்திரிக்கமிலமாக மாற்றும் முறையை விளக்கினார். இரண்டாண்டுகளில் அது அமெரிக்காவிற் பெருந்தொழிலாயிற்று. சிசிலியின் எலுமிச்சைத் தோட்டங்கள் தம் பெருவாடிக்கையை இழந்தன. உயிரை விலக்கிச் செய்யப்பட்ட பானத்தின் புளிப்பு மீண்டும் ஓர் உயிரிடமே, அதுவும் பூஞ்சணத்திடமே சென்று சேர்ந்தது விசித்திரமானது. வார்ட்டின் கட்டுரை வெளிவந்த அதே 1892ஆம் ஆண்டில் பால்றிமோர் நகரத்து வில்லியம் பெயின்ரர், விளிம்பு மடிந்த தகர மூடிக்கு உரிமம் பெற்றார். கயிற்றால் தக்கை கட்டும் வேலையை அம்மூடி பொறிக்கு மாற்றியது. வீட்டுச் சாடி விஞ்ஞானத்தில் இடம்பெற்ற ஆண்டும் தொழிற்சாலைப் போத்தல் நிறைவுபெற்ற ஆண்டும் ஒன்றே.

தமிழர் வீடுகளின் இஞ்சி, தேசிக்காய்ப் பானங்களை இதனோடு ஒப்புநோக்குதல் பயனுடையது. கோயில் விழாக்காலத் தண்ணீர்ப் பந்தல்களில் வார்க்கப்படும் சர்க்கரைத் தண்ணீரும், இஞ்சி தட்டிப்போட்ட மோரும், தேசிக்காய்த் தண்ணீரும் கலந்த பொழுதே குடிக்கப்படுவன, நொதிப்பதற்கு விடப்படுவதில்லை. பனையிலிருந்து கருப்பநீர் இறக்கும்போது முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசுவதும் நொதித்தலைத் தடுக்கவே. நொதிப்பைத் தடுக்கும் அறிவும் நொதிப்பை ஆளும் அறிவேயாம். அப்பத்துக்குக் கள் விட்டு மாப் புளிக்கவைத்த கைகளும் அவைதாம். கலந்த பொழுதே குடிக்கும் பானத்துக்குத் தொடர்ந்து பேண வேண்டிய உயிர் ஏதுமில்லை. அதனால் சோடாப் போத்தல் வந்தபின்னும் தேசிக்காய்த் தண்ணீர் அருகிவிடவில்லை. விருந்தினர் வந்த வீட்டில் ஒரு தேசிக்காய் இருந்தாற் போதும். கோப்பியை இழந்த மலைநாடு தந்த தேயிலையுடன் இஞ்சியைத் தட்டிப் போட்டு வெறுந்தேநீர் குடிக்கும் வழக்கமும் இவ்வரிசையில் வந்து சேர்ந்தது.

இங்கிலாந்திலோ இருபதாம் நூற்றாண்டில் இஞ்சிப் பியர்ச் செடி என்ற பெயர் நிலைத்தது, பொருள் மாறியது. கடையில் வாங்கிய வெதுப்பக மதுவத்தைச் சாடியில் இட்டு, நாளுக்கு ஒரு கரண்டி இஞ்சித்தூளும் ஒரு கரண்டி சீனியும் ஒரு வாரம் ஊட்டி, எலுமிச்சைச் சாறு கலந்து பானம் செய்தபின், அடிமண்டியை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை அயலாருக்குக் கொடுக்கும் வழக்கம் பரவியது. அம்மண்டியிற் களியுறைக் கட்டிகள் இல்லை. வார்ட்டின் பற்றீரியமும் இல்லை. ஆயினும் பாதியைக் கொடுப்பது மட்டும் அப்படியே இருந்தது. பொருள் கைவிட்டுப் போன பின்னரும் முறை தொடர்ந்தமைக்கு இதனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. பண்டசாலை அறையில் இரவு போத்தல் வெடித்த கதைகளை அக்காலத்துச் சிறுவர்களாயிருந்தோர் முதுமையிலும் கூறி வந்தனர்.

பழைய கட்டி முற்றாக அழிந்துவிடவில்லை. செருமனியின் பிரவுன்சுவைக் நகரத்து நுண்ணங்கிச் சேகரிப்பகத்தில் அது இலக்கமிடப்பட்டுப் பதிவாகியது. வார்ட் பெயரிட்ட பற்றீரியத்தைப் பிற்கால ஆய்வாளர் 'லக்ரோபசிலசு' இனத்தோடு சேர்த்து நோக்கினர். வீட்டில் வடிப்பதில் ஆர்வமுடையோர் பலர் அண்மைக் காலத்தில் அதனைத் தேடிப் பெற்று, சாடியில் வளர்த்து, பெருகியபோது உறையிலிட்டு அஞ்சலில் ஒருவருக்கொருவர் அனுப்பத் தொடங்கினர்.